படித்ததெல்லாம் இருக்கு, வாயில்தான் வரலை!

வெளிநாட்டு மொழி பேசப் பழகுவது பற்றி வாசகர் கேள்வி - பதில்

பி.எஸ்சி. நர்சிங் முடித்து வேலூரில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனி போவதற்காக ஒரு வருடமாக ஜெர்மன் படிக்கிறேன். ஆறு படிகளில் மூன்றாவதான பி1 பாஸ், அடுத்தது பி2. எழுதச் சொன்னால் எழுதுவேன், பேசச் சொன்னால் ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிடம் ஆகிறது. பி2 பேச்சுத் தேர்வை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, குடியாத்தம்

முதலில் ஒரு கணக்கு. பி2 வரை வர 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட் சொல்லும் அளவு. இருபது பேர் உட்காரும் வகுப்பில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினாலே மணி அடித்துவிடும். ஆக, ஒரு வருடத்தில் உங்கள் வாய் ஜெர்மன் பேசிய நேரம் மிகமிகக் குறைவு. உங்களுக்கு மொழி வராமல் இல்லை, நாக்குக்கு இன்னும் வேலை கொடுக்கவில்லை.

அரை நிமிடம் ஏன் ஆகிறது? தமிழில் வினை கடைசியில் வரும், ஜெர்மனில் இரண்டாம் இடத்தில் வரும். "நான் இப்போது உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறேன்" என்று மனசுக்குள் தமிழில் கட்டிவிட்டு, கடைசியில் கிடக்கும் 'பார்க்கிறேனை' முன்னால் இழுத்துப் போடப் பார்க்கிறீர்கள். திணறல் அங்கேதான். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 'முஸ்' (வேண்டும்), 'கன்' (முடியும்), 'மொஹ்டெ' (விரும்புகிறேன்), 'டார்ஃப்' (செய்யலாமா) ஆகிய துணைவினைகளில் ஒன்றை இரண்டாம் இடத்தில் போட்டுவிட்டால், மிச்ச வாக்கியம் நம் வரிசையிலேயே போகும். "இஹ் முஸ் யெட்ஸ்ட் ஈரன் ஃபெர்பான்ட் வெக்ஸெல்ன்": நான் - வேண்டும் - இப்போது - உங்கள் - கட்டு - மாற்ற. முதல் இரண்டு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் தமிழ் வரிசை. 'வைல்' (ஏனென்றால்) வரும் துணை வாக்கியத்திலும் வினை கடைசிக்குப் போய்விடும். எனவே வார்டில் தேவைப்படும் பேச்சை எல்லாம் இந்த அச்சில் வாரத்துக்கு 15 வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றி, சத்தமாக, இருபது முறை சொல்லுங்கள். கட்டு மாற்ற வேண்டும், ஊசி போட வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும். மனசுக்குள் சொன்னால் கணக்கில் சேராது.

இரண்டாவது பயிற்சி வேகத்துக்கு. ஒரு தலைப்பை எடுத்து 4 நிமிடம் பேசுங்கள். உடனே அதே விஷயத்தை 3 நிமிடத்தில், பிறகு 2 நிமிடத்தில். மூன்றாவது தடவை சொல் தேடும் வேலை தீர்ந்திருக்கும், வாய் மட்டும் ஓடும். செல்போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் தப்பு காதில் விழாது. ஒரு நாளைக்கு ஒரு தப்பு மட்டும் திருத்தினால் போதும்.

உச்சரிப்பில் ஓர் எச்சரிக்கை. இங்கே வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம், உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். 'பாபு'வின் முதல் எழுத்தும் 'பால்' என்பதன் முதல் எழுத்தும் தமிழில் ஒன்றே, ஒலி வேறு. ஜெர்மனில் அந்த வேறுபாட்டில்தான் அர்த்தமே இருக்கிறது. பாபு-ப போட்டு 'பைன்' என்றால் கால். பால்-ப போட்டு, கொஞ்சம் காற்றும் சேர்த்து 'பைன்' என்றால் கொடும் வேதனை. டவுன் பஸ் டிக்கெட் மாதிரி மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் தொங்கவிட்டு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். கால் சொல்லும்போது காகிதம் அசையக் கூடாது, வேதனை சொல்லும்போது துள்ள வேண்டும். ஆங்கில எழுத்தில் d-t, g-k என்று வரும் ஒலி ஜோடிகளுக்கும் இதே சோதனை செல்லும்.

இன்னும் மூன்று இடத்தில் நம் நாக்கு வழுக்கும். சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டிக்கொள்ளும்: 'கூட்' என்பது 'கூட்டு' ஆகிவிடும். எகரத்தில் தொடங்கினால் யகரம் முளைக்கும்: 'எஸ்ஸன்' (சாப்பிடு) 'யெஸ்ஸன்' ஆகும். 'ட' சொல்ல நாக்கை மேலே மடிப்போம், ஜெர்மனில் மடிக்கக் கூடாது, நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தட்ட வேண்டும். இரண்டு புள்ளி வைத்த 'யூ'வுக்கு, 'ஈ' என்று இழுத்துக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள்.

எண்ணில் கவனம் தேவை, மருந்து விஷயம். 25 என்பதை 'ஐந்தும் இருபதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். கேட்டதும் முதலில் ஒன்றாம் இடத்து எண்ணை எழுதிவிட்டு இடப்பக்கம் பத்தை எழுதும் பழக்கம் தப்புக்கு வழி. முழுதும் கேட்டுவிட்டு எழுதுங்கள். 'ஹால்ப் ட்ரை' என்றால் 'அரை மூன்று', அதாவது மணி 2.30. மூன்றரை அல்ல. தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான்: 0,5.

கோதே பி2 பேச்சுத் தேர்வு இரண்டு பேராக நடக்கும், சுமார் 15 நிமிடம். அதற்கு முன் 15 நிமிடம் தயார் செய்துகொள்ளத் தருவார்கள். ஆளுக்குச் சுமார் 4 நிமிடம் ஒரு சிற்றுரை, அதன் மேல் கேள்விகள், பிறகு இருவரும் சுமார் 5 நிமிடம் விவாதம். வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்ற நான்கு பகுதியில் ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். பேச்சில் மட்டும் தவறினால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். உரையை மனப்பாடம் செய்து வருபவர்கள் உரையில் தப்பித்து, கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் உடன் படிக்கும் தோழியுடன் கோட்டைப் பூங்காவில் காலையில் நடக்கும்போதே ஒருவர் பேச, மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழகுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மறக்கவே கூடாது. புரியாதபோது சிரித்துத் தலையாட்டுவது நம் ஊர் வழக்கம். வார்டில் அது ஆபத்து. "கொன்னன் ஸீ தஸ் பிட்டெ வீடர்ஹோலன்?" (திரும்பச் சொல்ல முடியுமா?) என்பது தூக்கத்தில் எழுப்பினாலும் வாயில் வர வேண்டும்.

மருத்துவமனைப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வங்காளம், பங்களாதேஷ் ஆட்கள்தான் நிறைய வருகிறார்கள். அரைகுறை இந்தியில் சமாளிக்கிறேன். பெங்காலி கற்க எவ்வளவு நாள் ஆகும், சார்?
- வாசகர், வேலூர்

கடைக்கு வேண்டிய பெங்காலி மூன்று மாதத்தில் வரும். ஆசிரியர்களே தினமும் கடை தேடி வருகிறார்களே, இந்த வசதி வேறு ஊருக்குக் கிடையாது. பங்களாதேஷ்காரர் எல்லாருக்கும் இந்தி சரளம் என்று நினைத்துவிடாதீர்கள், பெங்காலியில் இரண்டு வார்த்தை கேட்டாலே அவர்கள் முகம் தெளியும்.

வாக்கிய வரிசை நம்முடையதுதான், வினை கடைசியில். இந்தியில் படுத்தும் ஆண்பால் பெண்பால் தொல்லை இதில் இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே வினை. 'நீங்க'வுக்கு 'ஆப்னி', வினை 'ஏன்' என்று முடியும்: "கேமோன் ஆசேன்?" நோயாளியிடம் இந்த ஒன்றைத் தவிர வேறு வடிவமே வேண்டாம். எழுத்தில் அகரமாக இருப்பது பேச்சில் பெரும்பாலும் ஒகரமாகும். வகரம் கிடையாது. நம் ஊரையே பாபு-ப போட்டு, காற்றும் சேர்த்து 'பேலோர்' என்று சொல்வதைத் தினமும் கேட்டிருப்பீர்கள்.

கவுன்டருக்கு வேண்டியவை இவை. "ஏக்டா கொரே, தினே துபார், காபார் பொரே": ஒவ்வொன்றாக, நாளுக்கு இரண்டு வேளை, சாப்பிட்ட பின். சாப்பாட்டுக்கு முன் என்றால் 'காபார் ஆகே'. வெறும் வயிற்றில் 'காலி பேட்டே'. காலை 'ஷொகாலே', இரவு 'ராத்தே'. 'காபார்', 'காலி' இரண்டிலும் முதல் ககரத்தில் காற்று வெளிவர வேண்டும், மேலே சொன்ன காகிதச் சோதனை இதற்கும் ஆகும். புரியாவிட்டால் "ஆஸ்தே போலுன்" (மெதுவாகச் சொல்லுங்கள்). தண்ணீருக்குக் கொல்கத்தாவில் 'ஜொல்' என்பார்கள், பங்களாதேஷில் 'பானி'. சிட்டகாங், சில்ஹெட் பக்கத்துப் பேச்சு வெகுவாக மாறும். அது புரியாததற்கு உங்கள் படிப்பு காரணமல்ல.

ஒரு கண்ணி இருக்கிறது: 'கால்' என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். "கால் வாருங்கள்" என்று ஸ்கேனுக்கோ ரிப்போர்ட்டுக்கோ சொல்லி அனுப்பாதீர்கள். நாளைக்கு 'ஆகாமிகால்', நேற்றுக்கு 'கொதோகால்'. தேதியையும் எழுதிக் கொடுங்கள். பெங்காலி எண்கள் நூறு வரை ஒழுங்கில்லாதவை. இருபது வரை கற்றுக்கொண்டு, விலைக்குக் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுங்கள்.

வாரம் ஒரு வாக்கியம் எடுத்து, அன்றாடம் பத்துப் பேரிடமாவது சொல்லுங்கள். சொன்ன பிறகு "டிக் பொல்லாம்?" (சரியாகச் சொன்னேனா?) என்று கேட்டால் சந்தோஷமாகத் திருத்துவார்கள். ஆனால் வேளைக் கணக்கை உங்கள் பெங்காலியை நம்பி மட்டும் விடாதீர்கள். கவரில் சூரியன், நிலா வரைந்து, அவர் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வைத்த பிறகே மாத்திரையைக் கொடுங்கள்.

செல்போன் ஆப்பில் 200 நாள் விடாமல் படித்திருக்கிறேன். பேச்சு வருமா?
- வாசகர், ராணிப்பேட்டை

சொற்கள் வரும், பேச்சு வராது. அதில் நீங்கள் செய்வது தொட்டுத் தேர்ந்தெடுப்பது. பேச்சில் தேர்ந்தெடுக்க நான்கு விடை எதிரே இருக்காது. திரையை மறைத்துக்கொண்டு விடையை முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு தொடுங்கள். அதே ஆப் பாதி உருப்படும்.

காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். ஜப்பானில் வேலைக்குப் போக ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் என்4 நிலை எழுதப்போகிறேன். பாஸ் செய்தால் பேச வந்துவிடும் அல்லவா?
- வாசகர், காட்பாடி

வராது. அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது, சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் அவ்வளவுதான். சான்றிதழை வைத்துக்கொண்டு நேர்முகத்தில் ஊமையாக உட்காருபவர்கள் இதனால்தான். என்4 படிக்கும்போதே பேச்சைத் தனியாக நடத்துங்கள்.

ஆனால் தமிழருக்கு இதைவிடத் தோதான வெளிநாட்டு மொழி குறைவு. "காட்பாடி கரா சென்னை மதே தென்ஷ தே இகிமஸ்" என்பதைப் பிரித்துப் பாருங்கள். காட்பாடி - இலிருந்து, சென்னை - வரை, ரயில் - இல், போகிறேன். வேற்றுமை உருபு ஒட்டும் இடம்கூட ஒன்றே. ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் படித்துத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு தவிக்காதீர்கள், நேரே தமிழிலிருந்து போங்கள். குறில் நெடிலும் நமக்குப் பழக்கம்: 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. 'இகிமஸ்' என்பதன் கடைசியில் எழுத்தில் உகரம் உண்டு, பேச்சில் மறைந்துவிடும். நம் குற்றியலுகரத்தை இன்னும் ஒரு படி சுருக்கினால் அது.

தப்பு நடப்பது ஒற்றை மெய்யில். உயிருக்கு நடுவில் வரும் ககரத்தைத் தமிழில் மென்மையாக்கிவிடுவோம், 'மகன்' என்பதில் வருவது போல. மீனுக்கு 'சகன' என்று எழுதி வாசித்தால் ககரம் குழைந்துவிடும். வன்மை வேண்டுமென்று 'சக்கன' என்றால் இரட்டித்துப்போகும். அங்கே அது வேறு சொல்லாகிவிடும்: 'சக' என்றால் சரிவு, 'சக்க' என்றால் எழுத்தாளர். வன்மையாக, ஆனால் ஒற்றையாக, சட்டென்று தட்டிவிட்டு விலக வேண்டும். தமிழ் எழுத்தில் இதற்கு இடமே இல்லை. அதனால் ஜப்பானிய அடிப்படை எழுத்தான ஹிரகானாவின் 46 எழுத்தை முதல் இரண்டு வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

தினம் 20 நிமிடம்: ஒரு நிமிட உரையாடல் ஒன்று, எழுத்துடன் கிடைப்பது. இரண்டு முறை கேளுங்கள், ஒரு முறை வாசியுங்கள், பிறகு ஒலியோடு ஒலியாக, அரைச் சொல் பின்தங்கி, கூடவே பேசுங்கள். ஒரே துண்டை ஐந்து நாள் செய்யுங்கள். தினம் புதிதாக எடுத்தால் எதுவும் தங்காது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆறு வாரத்தில் இத்தாலிய பையர் (சரக்கு வாங்குபவர்) வருகிறார். அதற்குள் இத்தாலியனில் எதைப் படிக்கலாம்?
- வாசகர், ஆம்பூர்

இலக்கணத்தைத் தொடாதீர்கள். அறுபது வாக்கியம், ஆயிரம் வரை எண், உங்கள் மேஜையில் இருக்கும் பொருள்களின் பெயர், அவ்வளவுதான். தோல் 'பெல்லே', சாம்பிள் 'கம்பியோனே', நிறம் 'கொலோரே', குதிகால் 'தாக்கோ', டெலிவரி 'கொன்சேஞா'. சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் நம் வாய்க்கு எளிது. இரட்டை மெய்யை மட்டும் விடாதீர்கள்: 'காரோ' என்றால் விலை அதிகம், ரகரத்தை இரட்டித்து உருட்டினால் வண்டி. ஆண்டுக்கு 'ஆன்னோ', ஒரு னகரம் குறைந்தால் சபையில் சொல்லக் கூடாத சொல். அவர் எழுதும் 1.500 என்பது ஆயிரத்து ஐநூறு, 12,50 என்பது பன்னிரண்டரை. ஆர்டர் தாளில் இதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

எனக்கு 58 வயது. பிரான்ஸில் மகளுக்குப் பிரசவம், ஆறு மாதம் இருக்கப் போகிறேன். இந்த வயசில் எனக்கு பிரெஞ்சு வருமா?
- வாசகி, ஆரணி

வரும் அம்மா. உச்சரிப்பில் ஆரணி வாடை இருக்கும், இருக்கட்டும். எழுத்தைப் பார்த்துப் படிக்கவே வேண்டாம், பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. மகளை வாரம் பத்து வாக்கியம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீங்கள் திருப்பிச் சொல்லும் அளவுக்கு இடைவெளி விட்டு. ரொட்டிக்கடை, டாக்டர், பஸ் மூன்றுக்கும் நாற்பது வாக்கியம் போதும். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' சொல்லாமல் எதையும் கேட்டுவிடாதீர்கள், அங்கே அது மரியாதைக் குறைவு.

பிரெஞ்சின் மூக்கொலியைக் கண்டு பயப்படுகிறார்கள், நமக்கு அது புதிதே இல்லை. பேசும்போது 'மரம்' என்பதில் உதடு மூடுகிறதா? மூடாமல் மூக்கில் முடிக்கிறோம். 'போன்ழூர்' என்பதில் வரும் 'போன்' அதே ஒலி. ரொட்டிக்கு 'பேன்', பால்-ப. அதைச் சொல்லும்போது, பேச்சில் 'அவன் வந்தான்' என்கையில் 'அவன்' எப்படி முடிகிறதோ அப்படி முடியுங்கள். நாக்கு நுனி மேலே தொடக் கூடாது.