கேள்வி–பதில்: நேரடியாக வரவழைக்கலாமா?

கேள்வி: அமெரிக்கத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஆம்ப்ளிஃபயரும் டர்ன்டேபிளும் (இசைத்தட்டு பிளேயர்) இங்குள்ள டீலர் விலையைவிடக் குறைவு. நேரடியாக வாங்கலாமா? – வாசகர், கோவை

பதில்: முதலில் கணக்குப் போடுங்கள். சுங்கவரி பொருள் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த தொகைக்கு விழும், அதன்மேல் ஜிஎஸ்டி. 20 கிலோ ஆம்ப் என்றால் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். ரிப்பேருக்குத் திருப்பி அனுப்பும் செலவு தனி.

அடுத்தது கரன்ட். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230, 50. பின்பக்க லேபிளில் 230 வோல்ட் அடங்காத ஆம்பைச் செருகினால் ஃபியூஸோ டிரான்ஸ்ஃபார்மரோ போகும். 230-ஐ 120 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஆம்பைச் சமாளிக்கலாம். ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் (கரன்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றும் மோட்டார்) டர்ன்டேபிளுக்கு அது போதாது. டிரான்ஸ்ஃபார்மரில் ஹெர்ட்ஸ் மாறாததால் நிமிடத்துக்கு 33⅓ சுற்றவேண்டிய தட்டு 27.8 சுற்றுதான் சுற்றும். பாடகி குரல் ஆண்குரலாகிவிடும்! 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (பெல்ட்டை இழுக்கும் மோட்டார் சக்கரம்) தருவார்களா என்று கேளுங்கள்.

டாக் (டிஜிட்டல் இசையை அனலாக் ஒலியாக்கும் DAC), ஹெட்ஃபோன் ஆம்ப் போன்ற சின்னச் சாமான்களை வரவழைப்பதில் தப்பில்லை. டர்ன்டேபிளுக்கு என் ஓட்டு டீலருக்கே. ஆனால் கார்ட்ரிட்ஜ் (ஊசி உள்ள பாகம்) பொருத்தி, ஊசி அழுத்தத்தை அளந்து தருவாரா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எங்கே வாங்கினாலும் ஒரிஜினல் அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடாதீர்கள். சர்வீசுக்கு அனுப்ப அதுதான் தாங்கும்.