திகில் காட்சியில் எடிட்டிங் எப்படிப் பதற்றத்தை உண்டாக்குகிறது?

என்னைக் கேட்டால், வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் கொஞ்சம் பிடித்து வைப்பதில்தான் முக்கால்வாசி பதற்றம் இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். நண்பர்களின் குறும்படங்களுக்கும் எடிட்டிங் செய்து கொடுப்பேன். அதில் ஒன்று காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பில் எடுத்தது. காய்ப்புக் காலம், நடுராத்திரி. காவலுக்குப் படுத்திருக்கும் பெரியவர் சருகு மிதிபடும் சத்தம் கேட்டு எழுந்து டார்ச் அடிக்கிறார்.

ஒருவர் எதையோ பார்த்தால், அது என்னவென்று அடுத்த ஷாட்டில் உடனே காட்டிவிடுவதுதான் வழக்கம். இங்கே பெரியவர் முகத்தையே மூன்று நொடி, அதாவது நொடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) கணக்கில் 72 ஃப்ரேம், அப்படியே விட்டேன். அந்த நேரத்தில் பார்க்கிறவர் கண் தானாகவே அவருக்குப் பின்னால் இருக்கும் இருட்டைத் துழாவ ஆரம்பித்துவிடும். அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் மர வரிசை. ஒன்றுமில்லை, தாழ்ந்த கிளையில் அவருடைய துண்டு மட்டும் தொங்குகிறது. மறுபடி முகம். மறுபடி அதே கோணத்தில் அதே மரங்கள், இப்போது துண்டைக் காணோம். அதற்குக் குளோசப் வைக்கவில்லை, இசையும் போடவில்லை. துண்டு இல்லாததைப் பார்க்கிறவரே கண்டுபிடித்தால்தான் அடிவயிறு கலங்கும்.

சத்தமும் எடிட்டர் கையில்தான். அந்தக் காட்சியில் சில்வண்டு சத்தத்தைச் சில நொடிகளில் மெல்லக் குறைத்து நிறுத்தினேன். குறைவது யாருக்கும் தெரியாது, ஆனால் தோப்பு அடங்கிப்போனது உடம்புக்குத் தெரியும்.

இதற்குப் பழைய உதாரணம் 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' என்ற ஆங்கிலப் படம். இரவில் தனியாக நடக்கும் பெண், பின்தொடரும் இன்னொருத்தி, இருவர் நடையும் மாறி மாறி வரும். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிடும். முன்னால் போகிறவள் பயந்து வேகமெடுக்க, திடீரென்று சீறலோடு ஒரு பஸ் வந்து நிற்கும். எடிட்டர் மார்க் ராப்சன். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரில் இந்த உத்தியை 'லூட்டன் பஸ்' என்றே சொல்கிறார்கள்.

வேகமான வெட்டுகள் எதற்கு என்றால், சேர்த்து வைத்த பதற்றம் வெடிக்கும்போது. 1960-இல் வந்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சியில் எடிட்டர் ஜார்ஜ் டொமாசினி செய்த சரசர வெட்டுகளை எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால், திரைச்சீலைக்குப் பின்னால் நிழல் நெருங்கி வருவது வெட்டே இல்லாத ஒரே ஷாட், தண்ணீர் விழும் சத்தம் மட்டும். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

செய்து பார்க்கப் போன் ஆப்பே போதும். ரியாக்‌ஷன் ஷாட்டை (எதையோ பார்க்கும் பாத்திரத்தின் முகத்தைக் காட்டும் ஷாட்) ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி என்று மூன்று விதமாக வைத்து, கதை தெரியாத ஆளுக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, அவர் முகத்தைப் பாருங்கள். அவர் பார்வை திரையை விட்டு விலகினால் ஷாட் நீண்டுவிட்டது, அதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்டிவிடுங்கள்.