மெஷின் சொன்னதால் மாற்றினேன்

அன்பின் ஐயா,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். கணினி விஞ்ஞானம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். போன மாதம் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலில், ஒரு கருவியை இயக்கும் நிரலான டிரைவர் ஒன்றுக்கு முதல் தடவையாகச் சின்னத் திருத்தம் ஒன்று அனுப்பினேன். மனிதர் யாரும் பார்க்கும் முன்பே தானியங்கி மீளாய்வில் இரண்டு பிழைகள் வந்தன. ஒன்று, ஒரே தரவை ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் தடுக்கும் பூட்டை, ஒரு பாதையில் திறக்காமல் வெளியேறுகிறேன். மற்றது, ஒரு பொயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) எதையும் காட்டாமல் வெறுமையாக இருக்கலாம், அதைச் சோதிக்கவில்லை. இரண்டையும் மாற்றித் திரும்ப அனுப்பினேன். அந்த டிரைவருக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் இரண்டாவதைப் பற்றி, "இது எப்போது வெறுமையாக வரும்?" என்று கேட்டார். மீளாய்வு சொன்னதால் மாற்றினேன் என்று எழுதினேன். பிறகு பதிலே இல்லை. வெட்கமாக இருக்கிறது. நான் ஒரு கிழமை இருந்து எழுதியதில் மெஷின் உடனே பிழை பிடிக்கிறதென்றால், இதைப் படிப்பதில் பிரயோசனம் இருக்கிறதா?

(மாணவி, கொக்குவில்)

அன்பின் பிள்ளைக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு பதிப்புகளையும் ஆறுதலாக இருந்து படித்தேன். முதலாவது பிழை உண்மையான பிழை. பூட்டைப் போட்ட பிறகு நினைவகம் கேட்கிறீர்கள். கிடைக்காவிட்டால் பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்து வெளியேறுகிறீர்கள். பூட்டு அப்படியே கிடக்கிறது. அடுத்து அந்தப் பூட்டுக்காக வருகிறவர் காத்துக்கொண்டே இருப்பார். சோதித்துப் பார்க்கும்போது நினைவகம் எப்போதும் கிடைத்துவிடும் என்பதால் இந்தப் பாதை ஓடுவதே இல்லை. எழுதிய ஆளின் கண் நடக்கப்போகிற வழியைத்தான் பின்தொடரும். தோற்கும் வழிகளை ஒவ்வொன்றாக, அலுக்காமல் நடந்து பார்ப்பது மெஷினுக்கு இயல்பாக வருகிற வேலை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேர்னலுக்கு இது புதிதும் இல்லை. எழுத்து முறையைப் பார்க்க செக்பட்ச், ஒரே மாதிரியான பிழைகளைத் தேட கொக்சினெல், தாறுமாறான சிஸ்டம் கோல்களை (நிரல்கள் கேர்னலிடம் விடும் கோரிக்கைகள்) கொடுத்து விழுத்திப் பார்க்க சிஸ்பொட் என்று பல வருடமாகவே மெஷின்கள் காவலுக்கு நிற்கின்றன. இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் திருத்தத்தைச் சுற்றியுள்ள நிரலையும் சேர்த்து வாசித்து, மனிதர் எழுதுவதுபோலவே காரணமும் எழுதுகின்றன. அவற்றின் பலம் அதுதான். உங்களை விழுத்தியதும் அதுதான். செக்பட்ச் ஒன்றைச் சொன்னால் அதோடு வாதாடத் தோன்றும். நல்ல வசனத்தில் காரணத்தோடு ஒன்று வந்தால் தலையாட்டத் தோன்றுகிறது.

ஏனென்றால் மெஷின் தந்த இரண்டாவது குறிப்பே பிழையானது. உங்கள் ஃபங்ஷனை அழைக்கிற இடங்கள் மூன்று. மூன்றிலும் அந்தப் பொயின்டரைச் சோதித்த பிறகுதான் அழைக்கிறார்கள். அது வெறுமையாக வர வழியே இல்லை. கூடுதலாக ஒரு சோதனை இருந்தால் என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். சோதனை என்பது ஒரு கூற்று. "இது வெறுமையாக வரலாம்" என்று பின்னால் வாசிக்கிறவருக்குச் சொல்கிறீர்கள். அவர் அதை நம்பி, வராத ஒன்றுக்காகத் தன் நிரலையும் வளைப்பார்.

2009இல் நடந்ததைச் சொல்கிறேன். டன் என்ற வலையமைப்பு டிரைவரில் ஒரு பொயின்டரைப் பயன்படுத்திவிட்டு, அதற்குக் கீழே அது வெறுமையா என்று சோதித்திருந்தார்கள். மேலே பயன்படுத்தியாயிற்று, ஆகவே வெறுமையாக இருக்க முடியாது என்று, மூலநிரலை ஓடுகிற நிரலாக மாற்றும் கொம்பைலர் முடிவுகட்டி அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. மூலநிரலில் கண்ணுக்கு முன்னால் இருந்த சோதனை ஓடுகிற நிரலில் இல்லை. அதன் வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் எடுக்க முடிந்தது. இப்படிச் சோதனைகளை நீக்காதே என்று கொம்பைலருக்குச் சொல்லித்தான் அதன் பிறகு கேர்னலைக் கட்டுகிறார்கள். சோதனை இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். மெயின்டெய்னர் உங்களிடம் கேட்டது அதைத்தான்.

எனக்கு இந்தப் பாடம் கணினிக்கு முன்பே கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தேன். மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துப் பார்ப்பார். ஓர் இரவு மரண அறிவித்தல் ஒன்றில் காரைநகர் என்று வரவேண்டிய இடத்தில் காரைதீவு என்று விட்டுவிட்டேன். மூலப்பிரதியிலேயே அப்படித்தான் இருந்தது. இரண்டும் சரியான சொல், இரண்டும் உண்மையான ஊர். ஒன்று எங்கள் பக்கத்துத் தீவு, மற்றது கிழக்கில் அம்பாறை மாவட்டத்தில். ஆனால் அதே அறிவித்தலில் கிரியை காலை நடக்கும் என்றும், தகனம் காரைநகர் மயானத்தில் என்றும் இருந்தது. அதை வடிவாக வாசித்திருந்தால் பிடித்திருப்பேன். நான் எழுத்தை ஒத்துப் பார்த்தேன், செய்தியை வாசிக்கவில்லை. அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

நல்லூர் ஆறுமுக நாவலர் பதிப்பித்த பழைய நூல்களின் முகப்புப் பக்கத்தில் "பரிசோதித்து" என்ற சொல்லையும் பக்கத்தில் அவர் பெயரையும் பார்த்திருப்பீர்கள். கேர்னலில் ரிவியூட்-பை என்ற வரி அந்த இடத்தில்தான் நிற்கிறது. இதை வாசித்தேன், எனக்கிருந்த கேள்விகளைக் கேட்டேன், இது கேர்னலுக்குள் போகலாம் என்று நம்புகிறேன் என்று ஓர் ஆள் தன் பெயரில் சொல்வது. 2016இல் டேர்ட்டி கவ் என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டையை அடைத்தபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தத் திருத்தக் குறிப்பிலேயே, பதினொரு வருடத்துக்கு முன் தானே இதைச் சரியில்லாமல் திருத்த முயன்றதாக எழுதினார். இப்படித் தன் பிழையைத் தன் பெயரிலேயே சொல்ல ஓர் ஆள் வேண்டும். நீங்கள் படிப்பது அந்த இடத்துக்கு வருவதற்காக. மெஷின் எவ்வளவு கெட்டித்தனமாக வாசித்தாலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்; அங்கே ஆட்கள் போதாது, எங்கள் பிள்ளைகள் அங்கே இருக்கவேண்டும் என்று எனக்கு நிறைய ஆசை.

சரி, செய்யவேண்டியதற்கு வருவோம். மெயின்டெய்னர் பதில் எழுதாததைக் கோபம் என்று எடுக்கவேண்டாம்; அவர்களுக்கு வருகிற திருத்தங்கள் அவ்வளவு. அழைக்கும் மூன்று இடங்களையும் நீங்களே திறந்து பாருங்கள், என் சொல்லையும் அப்படியே எடுக்கவேண்டாம். பிறகு அந்தச் சோதனையை நீக்கி, பூட்டுத் திருத்தத்தை மட்டும் வைத்து மூன்றாவது பதிப்பை அனுப்புங்கள். திருத்தக் குறிப்பின் முடிவில் வரும் "---" என்ற கோட்டுக்குக் கீழே என்ன மாறியது என்று எழுதும் இடத்தில், பூட்டுப் பிழையைத் தானியங்கி மீளாய்வு காட்டியது என்றும், பொயின்டர் எந்த மூன்று இடத்தில் ஏற்கனவே சோதிக்கப்படுகிறது என்றும் ஃபங்ஷன் பெயர்களோடு எழுதிவிடுங்கள்.