டிஸ்க், பேட் வாங்கப் போகிறீர்களா? பிரேக் பற்றி வாசகர் கேள்விகள்

மழைக்காலம் வருவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்பதால் இந்த இதழில் பிரேக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேட்.

என்னுடையது 2016 ஸ்விஃப்ட், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 80 வேகத்தில் பிரேக் அழுத்தினால் ஸ்டீயரிங் கையில் ஆடுகிறது. டிஸ்க் பெண்ட் ஆகிவிட்டது, பேடோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஓட்டை போட்ட டிஸ்க் வாங்கினால் இந்தப் பிரச்சினையே வராது என்கிறான் நண்பன். எதை வாங்கட்டும்?
வாசகர், சேலம்

முதலில் ஒன்று. உங்கள் டிஸ்க் வளைந்திருக்க வாய்ப்பு குறைவு. எல்லோரும் பெண்ட் என்றுதான் சொல்வோம், ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு படிந்திருந்தால் டிஸ்க் நேராக உட்காராமல் மிக மெல்லிய கோணலோடு சுற்றும், அப்படிச் சுற்றும்போது நீங்கள் பிரேக்கைத் தொடாத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் லேசாக உரசிக்கொண்டே போகும், சில ஆயிரம் கி.மீ. கழித்து அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும், இல்லையென்றால் பேடின் பொருள் அங்கே திட்டாக ஒட்டிக்கொள்ளும். தடிமனில் 0.02 மி.மீ. வித்தியாசம் போதும், ஸ்டீயரிங்கில் தெரியும். தலைமுடியே இதைவிட மூன்று நான்கு மடங்கு தடிமன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஹப்பைச் சுத்தம் செய்யாமல் எவ்வளவு விலைக்கு டிஸ்க் வாங்கிப் போட்டாலும் சில மாதங்களில் அதே ஆட்டம் திரும்ப வரும். வந்ததும் புது டிஸ்க்கைத்தான் திட்டுவோம். ஆகவே மெக்கானிக்கிடம் பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்க்கச் சொல்லுங்கள், புது டிஸ்க்கை மாட்டி, வீல் நட்டுகளை வாஷர் வைத்து இறுக்கி, நுணுக்கமான ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் 0.05 மி.மீ.க்குள் ஆடினால் நிம்மதி. 0.1 தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டிப் பார்க்கலாம், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

மாற்றத்தான் வேண்டுமா என்பதையும் அளந்து முடிவு செய்யுங்கள். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ பொறித்திருப்பார்கள். அளக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பழைய டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பேட் படாத ஒரு வரம்பு எழும்பி நிற்கும், தடிமன் அளக்கும் சாதாரண வெர்னியர் அந்த வரம்பில் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். இரண்டு பக்கமும் ஒரு நாணயத்தை வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிட்டால் சரியான அளவு கிடைக்கும். குறைந்தபட்ச அளவைவிடத் தாராளமாக மேலே இருந்தால் லேத்தில் கொடுத்துச் சீராக்கலாம். நெருங்கிவிட்டால் புதுசு வாங்குவதுதான் சரி.

இப்போது ஓட்டை டிஸ்க். அந்தக் காலத்துப் பேடுகளில் உள்ள பிசின் அதிகச் சூட்டில் வாயுவை வெளியேற்றும், அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெத்தை மாதிரி நின்று பிடிமானத்தைக் குறைக்கும். வாயு தப்பிக்கத்தான் ஓட்டை. இன்றைய பேடுகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓட்டை போட்டால் இரும்பு குறைகிறது, சூட்டை வாங்கிக்கொள்வதே அந்த இரும்பின் எடைதான். அப்புறம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓட்டையின் விளிம்பிலிருந்து வெடிப்பு கிளம்பும். விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் ஓட்டை டிஸ்க்தானே வருகிறது என்று உங்கள் நண்பர் கேட்கலாம். அந்தக் கார்களில் டிஸ்க்கின் அளவே பெரிது, ஓட்டைக்கு இடம் விட்டுத்தான் வடிவமைத்திருப்பார்கள். உங்கள் காருக்கு அதே சின்ன டிஸ்க்கில் துளை போட்டு விற்பதும் அதுவும் ஒன்றல்ல. மழையில் முதல் அழுத்தத்தில் தண்ணீரைச் சீக்கிரம் விலக்கும், அந்த நன்மை உண்மை. ஆனால் ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு அது மருந்தல்ல.

சாதாரண, காற்று போக நடுவில் இடைவெளி உள்ள, கம்பெனி அளவிலேயே வருகிற, பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் டிஸ்க்கை ஜோடியாக வாங்குங்கள். ஹை கார்பன் என்று போட்டது உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம், அதிர்வும் சத்தமும் குறையும். காசு மிச்சமானால் பேடில் போடுங்கள்.

மாதம் இரண்டு முறை ஊட்டி போய் வருகிறேன். போன முறை இறங்கும்போது பெடல் கல் மாதிரி இறுக்கமாக இருந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகல் வாடை வேறு. செராமிக் பேட் போட்டால் சூடு தாங்கும் என்கிறார்கள். போடலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

நீங்கள் பெடல் இறுக்கமாக இருந்தது என்று எழுதியதே எனக்கு மிகவும் உதவியது. கருகல் வாடையோடு பெடல் இறுக்கமாக இருந்து வண்டி நிற்காவிட்டால் பேட் தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது இன்னும் ஆபத்து.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல், அதே காரை 100 கி.மீ. வேகத்திலிருந்து ஏறக்குறைய 50 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கியரை நியூட்ரலிலோ டாப்பிலோ போட்டு இறங்கினால் எஞ்சின் எடுக்க வேண்டிய பங்கும் நாலு சக்கரத்தின் பிரேக் மேல் விழும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இதை நம் லாரி டிரைவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டிருப்பீர்கள், அது வெறும் பழக்கமில்லை, இயற்பியல். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்கள்.

செராமிக் என்ற பெயரில்தான் குழப்பம். பல லட்சம் ரூபாய் கார்பன் செராமிக் டிஸ்க் வேறு, கடையில் கிடைக்கும் செராமிக் பேட் வேறு. இந்தப் பேடின் பலம், வீலில் கறுப்புத் தூசி குறைவு, சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தின்னாது. ஊருக்குள் ஓட்ட அருமை. மலைக்கு நான் செமி மெட்டாலிக் பேடைத்தான் சொல்வேன். அதில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இரும்பு, எஃகு இழை போன்ற உலோகம் இருக்கும், சூட்டைக் கடத்திவிடும், பிடிமானம் தளராது. தூசி வரும், காலையில் முதல் இரண்டு அழுத்தத்தில் லேசாகச் சத்தம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேட் வாங்கும் அன்றே பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் என்பது ஆயிலின் தர வகை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறியபின் அதே வரம்பு 155. டாட் 3 என்றால் 205, 140. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது எல்லோருக்கும் நல்லது, உங்களுக்குக் கட்டாயம். டாட் 3 போட்டு வந்த வண்டியில் டாட் 4 போடலாம். சிலிக்கான் வகையான டாட் 5 மட்டும் வேண்டாம், அது இவற்றோடு சேராது.

பல வருடம் முன்பு ஏற்காட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது, பெயரே போடாத டப்பாவில் வாங்கிய பேட் இப்படித்தான் என்னைக் கைவிட்டது. பத்தாவது வளைவுக்குக் கீழே இரண்டாவது கியருக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கையும் மெதுவாக இழுத்து ஓரம் கட்டினேன். பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து பேடில் நான் பேரம் பேசுவதில்லை.

பேடின் பின்புறத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று எழுத்துகள் இருக்கின்றன. எது உசத்தி?
வாசகர், மதுரை

உசத்தி தாழ்த்தி என்று பார்க்காதீர்கள். அது உராய்வு எண்ணின் வரம்பு: இ (E) என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டில். இரண்டாவது எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்திருந்தால், உதாரணமாக எஃப்இ, சூடேறினால் பிடிமானம் குறைகிற பேட் என்று புரிந்துகொள்ளலாம், அதைத் தவிர்த்துவிடுவேன். மற்றபடி இது பேடிலிருந்து ஒரு அங்குலச் சதுரத் துண்டை வெட்டி மிஷினில் வைத்துச் செய்யும் சோதனை, உங்கள் காரில் எவ்வளவு நாள் உழைக்கும், சத்தம் போடுமா என்பதெல்லாம் அதில் தெரியாது.

அதைவிட நான் முதலில் தேடுவது வட்டத்துக்குள் இ (E) என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் எண்ணும். அது ஐரோப்பாவில் மாற்றுப் பேடுகளுக்கான ஆர்90 விதி. அந்த வாகனத்தோடு வந்த பேடின் செயல்பாட்டிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்கிறது. கூடவும் கூடாது என்பதைக் கவனியுங்கள். முன்னால் மட்டும் அளவுக்கு மீறிப் பிடிக்கிற பேட் போட்டால் முன் பின் சமநிலை கெடும். நம் ஊரில் விற்கும் எல்லாப் பேடிலும் இந்த முத்திரை இருக்காது, இல்லாததெல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை. இருந்தால் ஒரு கவலை விட்டது.

ரேஸ் பேட் என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். சூடேறிய பிறகுதான் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது தெருமுனையில் நாய் குறுக்கே ஓடினால் அது சூடேறும் வரை காத்திருக்க முடியாது.

பின்சக்கரத்தில் டிரம் இருக்கிறது. டிஸ்க்காக மாற்றினால் நன்றாக நிற்குமா?
வாசகர், திருச்சி

வேண்டாம். பிரேக் அழுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன்சக்கரம்தான் செய்கிறது. பின்னால் மாற்றினால் பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், ஹேண்ட்பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் என்று எல்லாவற்றின் கணக்கும் மாறும். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள், நிறுத்தும் தூரம் உண்மையிலேயே குறையும்.

புது பேட் போட்டதிலிருந்து கீச் கீச் சத்தம். பேட் மோசமா?
வாசகர், திருநெல்வேலி

பேடைச் சந்தேகப்படுவதற்கு முன் வேலையைப் பாருங்கள். பேடோடு வந்த கிளிப்பையும் சத்தம் தடுக்கும் மெல்லிய தகட்டையும் மாட்டினார்களா, இல்லை பழையதையே விட்டார்களா? பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் இரண்டும் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இறுகியிருந்தால் ஒரு பேட் மட்டும் வேகமாகத் தேயும், சத்தமும் வரும். அதற்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, பின்னை இன்னும் இறுக்கிவிடும். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ எந்த கிரீஸும் படக்கூடாது.

ஜி.பி. ரோட்டில் அதே பிராண்ட் பேடுக்கு மூன்று கடையில் மூன்று விலை. டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், சென்னை

பாதிக்குப் பாதி விலை என்றால் வாங்காதீர்கள், அவ்வளவு லாபத்தை எந்தக் கடைக்காரராலும் விட்டுத்தர முடியாது. பில் தரமாட்டேன் என்றாலும் வெளியே வந்துவிடுங்கள். டப்பாவை அங்கேயே பிரிக்கச் சொல்லி, பேடின் பின்தகட்டில் உள்ள பார்ட் எண்ணும் டப்பா மேல் உள்ளதும் ஒன்றா, தயாரிப்பு பேட்ச் எண் இருக்கிறதா, நான்கு பேடும் ஒரே நிறமா, உராயும் பகுதியான லைனிங் தகட்டோடு ஒட்டிய இடத்தில் எங்காவது இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். சில கம்பெனிகள் டப்பாவில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் குறியீடு தருகின்றன, கடையிலேயே நின்று செய்யுங்கள்.

வெளிநாட்டுப் பெயர் என்றால்தான் நல்லது என்றும் இல்லை. பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா 1960களிலிருந்து பிரேக் செய்கிறது, நீங்கள் ஷோரூமில் வாங்கிய காரிலேயே அவர்கள் பாகம் இருக்கலாம். அம்பத்தூரில் ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் ஆலை இருக்கிறது. நீங்கள் நிற்கும் ஜி.பி. ரோட்டிலிருந்து இரண்டும் அதிக தூரமில்லை.

இடது பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா?
வாசகி, தஞ்சாவூர்

கூடாது. முன்னால் என்றால் முன்னால் இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அவசரத்தில் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்பதையும் பார்க்காமல் விடாதீர்கள், இடது காலிப்பரின் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கும். லைனிங் 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றுங்கள், கிரீச் என்று இரும்புச் சத்தம் வரும் வரை காத்திருந்தால் டிஸ்க்கும் போய்விடும்.

புது டிஸ்க், புது பேட் போட்டால் முதல் 200 கி.மீ. மெதுவாக ஓட்டு, தானாகப் படிந்துவிடும் என்கிறார் மெக்கானிக். அது போதுமா?
வாசகர், ஈரோடு

ஓரளவு படியும், ஆனால் சீராகப் படியாது. டிஸ்க் மேல் பேடின் பொருள் ஒரு மெல்லிய படலமாக எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிய வேண்டும், அதற்குச் சூடு வேண்டும். மாட்டுவதற்கு முன் டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிடச் சொல்லுங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத சாலையில், பின்னால் வண்டி வராத நேரத்தில், 60 வேகத்திலிருந்து 10க்கு நிதானமாக அழுத்திக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம், மறுபடி வேகம் எடுத்து அதே மாதிரி எட்டு பத்து முறை. அப்புறம் ஐந்து பத்து நிமிடம் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடி சிக்னலில் நின்றால் பேட் நின்ற இடத்தில் அச்சு விழும், சேலம் வாசகருக்கு வந்த ஸ்டீயரிங் ஆட்டம் உங்களுக்கும் வரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று, இதை மறந்து சுவரில் மோதியவர்கள் இருக்கிறார்கள். பேட் மாற்றும்போது காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்டுவார்கள். அதனால் வேலை முடிந்தபின் முதல் அழுத்தத்தில் பெடல் நேராகத் தரைக்குப் போகும், பிரேக் இருக்காது. வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, நின்ற இடத்தில், பெடல் கெட்டியாகும் வரை ஐந்தாறு முறை மிதித்துவிடுங்கள். மெக்கானிக் மிதித்திருந்தாலும் நீங்களும் ஒரு முறை மிதித்துப் பார்த்துவிட்டே கியர் போடுங்கள்.