அம்மோனியா டிபிடியில் இரண்டு பீக்: எது என்ன தளம்?

கேள்வி: எச்-இசட்எஸ்எம்-5 சியோலைட்டுக்கு (நுண்துளைகள் உள்ள அமிலத் திண்மம்) அம்மோனியா டிபிடி (அம்மோனியாவை ஒட்டவைத்து, சூடேற்றி, வெளியே வருவதை அளக்கும் சோதனை) எடுத்தேன். 200 டிகிரி பக்கம் ஒரு பீக், 400 பக்கம் இன்னொன்று. முதலாவது லூயிஸ் அமிலத் தளம், இரண்டாவது பிரான்ஸ்டெட் என்று எழுதிவிடலாமா?

பதில்: எழுதாதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஆனாலும் தவறு தவறுதான். அம்மோனியா இரண்டு வகைத் தளத்திலும் ஒட்டும். பிரான்ஸ்டெட் தளத்தில் புரோட்டானை வாங்கி அம்மோனியமாகிவிடும், லூயிஸ் தளத்தில் தன் எலெக்ட்ரான் ஜோடியைக் கொடுத்து உட்காரும், சூடேற்றும்போது இரண்டிலிருந்தும் வெளியே வருவது அதே அம்மோனியாதான் என்பதால் டிடெக்டருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிய வழியே இல்லை. அந்த 200 டிகிரி பீக்கில் பெரும்பகுதி ஏதோ ஓரளவு பிடித்துக்கொண்டிருந்த அம்மோனியா. கூடுதல் நேரம் ஹீலியம் ஓடவிட்டால் அது சுருங்குவதை நீங்களே பார்க்கலாம்.

பீக் வரும் வெப்பநிலையை அமில வலிமை என்று அப்படியே எடுத்துக்கொள்வதும் சிக்கல்தான். சூடேற்றும் வேகம், வாயு ஓட்டம், மாதிரியின் எடை எல்லாமே அதை நகர்த்தும். துளைக்குள் கிளம்பிய அம்மோனியா வெளியே வருவதற்குள் அடுத்த தளத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டும் தாமதமாகும். ஒரே நிலைமையில் ஓட்டிய மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், யாரோ வெளியிட்ட எண்ணோடு வேண்டாம்.

டிபிடி தளங்களின் எண்ணிக்கைக்குத்தான் நல்லது. அதையும் ஒருமுறை சரிபாருங்கள். சிலிக்கான்-அலுமினியம் விகிதம் 15 என்றால் ஒரு கிராமில் அலுமினியம் சுமார் 1.04 மில்லிமோல்தான் இருக்கும், ஓர் அலுமினியத்துக்கு ஒரு தளம் என்பதுதான் கணக்கு. உங்கள் உயர்வெப்ப பீக் மட்டுமே 1.5 மில்லிமோல் காட்டினால் எங்கோ தப்பு. வெப்பக் கடத்துத்திறன் டிடெக்டர் என்றால் 500 டிகிரிக்கு மேல் கிளம்பும் தண்ணீரையும் அது சேர்த்து எண்ணியிருக்கும், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும்.

தளத்தின் வகை தெரிய வேண்டுமானால் பிரிடின் ஐஆர் (பிரிடினை ஒட்டவைத்து எடுக்கும் அகச்சிவப்பு நிறமாலை) எடுங்கள். 1545 அலை எண் (செ.மீ⁻¹) அருகே வரும் பட்டை பிரான்ஸ்டெட், 1450 அருகே லூயிஸ், 1490-ல் இரண்டும் கலந்தது (அதை விட்டுவிடுங்கள்). பரப்பளவுகளை நேரடியாக வகுத்து விகிதம் சொல்லக் கூடாது, இரண்டு பட்டைகளும் ஒளியை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. 1993-ல் எமைஸ் என்ற ஆய்வாளர் தந்த 1.67 (பிரான்ஸ்டெட்), 2.22 (லூயிஸ்) உறிஞ்சல் குணகங்களைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அப்புறம் 150, 250, 350 டிகிரி என்று வெற்றிடத்தில் சூடேற்றிக்கொண்டே போய் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள், வலிமை பற்றி அதிலிருந்து ஓரளவு நம்பிப் பேசலாம்.

ஐஆர் செல் இல்லையா? ஐசோபுரோப்பைலமீனை வைத்து டிபிடி ஓட்டுங்கள். பிரான்ஸ்டெட் தளத்தில் ஒட்டியது மட்டும் 350 டிகிரி வாக்கில் புரோப்பிலீனாகவும் அம்மோனியாவாகவும் உடையும், மற்றது உடையாமல் முன்னாலேயே போய்விடும்; வந்த புரோப்பிலீனை எண்ணினால் பிரான்ஸ்டெட் தளங்களின் எண்ணிக்கை கைக்கு வந்துவிடும்.

கேள்வி: என்னுடையது சபாசைட் (சிறிய துளை கொண்ட சியோலைட்). பிரிடின் ஐஆரில் பிரான்ஸ்டெட் பட்டை கிட்டத்தட்ட இல்லை. அமிலமே இல்லையா?

பதில்: இருக்கும், பிரிடின் உள்ளேயே போகவில்லை. சபாசைட்டின் துளை வாசல் சுமார் 0.38 நானோமீட்டர், பிரிடினோ அரை நானோமீட்டருக்கு மேல். அம்மோனியாவை ஒட்டவைத்து ஐஆர் எடுத்துப் பாருங்கள்.