ஹேப்பி எண்டிங்ஸ்: எபிசோடு எதுவும் விட்டுப்போகவில்லை

ஹேப்பி எண்டிங்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடில் ரோலர் பிளேடு மாட்டிக்கொண்டு ஒருத்தன் கல்யாணத்துக்குள் புகுந்ததும் மாப்பிள்ளை டேவை அம்போவென்று விட்டுவிட்டு ஓடுகிறாள் மணப்பெண் அலெக்ஸ். அடுத்து இருவரும் சகஜமாகிவிடுகிறார்கள், பிறகு திடீரென்று பழைய காயத்தைக் கிளறுகிறார்கள், நடுவில் ஏதாவது விட்டுவிட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை நண்பரே. 2011ல் ஏபிசி சேனல் முதல் சீசனை எடுத்த வரிசையில் போடாமல் கலைத்துப் போட்டுவிட்டது. பிரிவின் சங்கடம் மெல்ல மெல்லக் கரைவதுதான் அந்தச் சீசனின் அழகே, அதையே கெடுத்துவிட்டார்கள்!

ஒளிபரப்புத் தேதியை விட்டுவிட்டு, ஒவ்வொரு எபிசோடுக்கும் உள்ள தயாரிப்பு எண் வரிசையைத் தேடி எடுத்து அப்படியே பாருங்கள். மூன்று சீசனோடு 2013ல் தொடரை ஏபிசி மூடிவிட்டது. அவர்களின் நண்பர்கள் பென்னியும் மேக்ஸும் அடிக்கும் லூட்டிக்கு வரிசையெல்லாம் தேவையே இல்லை, அது வேறு கதை.