வாசகர் கேள்வி பதில்: பிராம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பெயர்

கேள்வி: மகள் வீட்டுக்கு வெளிநாடு போயிருந்தபோது ஒரு ஆர்கெஸ்ட்ரா கச்சேரி கேட்டோம். பிராம்ஸ், மெண்டல்சோன் என்று பழைய ஜெர்மன் இசையமைப்பாளர்களின் பெயர் போட்டிருந்ததால்தான் டிக்கெட் எடுத்தது. ஆனால் ஆரம்பத்திலேயே யாரோ இந்த வருஷம் எழுதியதை வாசித்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. இதை ஏன் செருகுகிறார்கள்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் நிகழ்ச்சி நிரலைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது 1893 டிசம்பர் 16, நியூயார்க், கார்னகி ஹால். நியூயார்க் பில்ஹார்மோனிக் அன்றைக்கு வாசித்ததும் மெண்டல்சோனும் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவும்தான் (ஆர்கெஸ்ட்ராவோடு ஒருவர் தனியாக வயலின் வாசிக்கிற படைப்பு), கூடவே அமெரிக்கா வந்து ஒரு வருஷம் சொச்சமே ஆகியிருந்த செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் எழுதிய ஒரு புது சிம்பொனி, அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்காகப் பல பகுதிகளாக எழுதிய பெரிய படைப்பு. இன்றைக்கு 'நியூ வேர்ல்ட்' என்று உலகமே கொண்டாடுகிற சிம்பொனி, அன்றைய கச்சேரியில் 'யாரோ இந்த வருஷம் எழுதியது' தான்! அந்த பிராம்ஸ் கான்செர்ட்டோவும் ஒன்றும் பழசு இல்லை. 1879 ஜனவரியில்தான் ஜெர்மனியின் லைப்ஸிக்கில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது, அந்த நியூயார்க் கச்சேரியின்போது பிராம்ஸ் உயிரோடுதான் இருந்தார். புதிதை இப்படிப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் நாம் இன்று கிளாசிக் என்கிற பட்டியலே உருவானது, அதனால் அதைச் செருகல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: ஒரு பகுதி முடிந்ததும் கைதட்டிவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தப்பா?
– அதே வாசகி

பதில்: இல்லவே இல்லை. மேலே சொன்ன கச்சேரியில் இரண்டாவது பகுதி, அதுதான் இங்கிலீஷ் ஹார்ன் என்கிற குழல் வாத்தியம் தனியாக ஏங்குகிற அந்த மெதுவான பகுதி, முடிந்ததுமே அரங்கம் கைதட்டித் தீர்த்தது; ட்வோர்ஷாக் தன் இருக்கையிலிருந்து எழுந்து வணங்க வேண்டியதாயிற்று. எல்லாம் முடியும்வரை அமைதி என்பது பிற்பாடு இறுகிய வழக்கம்.

கேள்வி: சரி, புதியது பிடிக்காமலே போனால்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பிடிக்காமல் போகட்டும், ஆனால் ஒரே தடவை கேட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். இதில் எனக்கு நிஜமாகவே ஆதங்கம் உண்டு. முதல் அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ், பேட்டி, படம் எல்லாம் கிடைக்கிறது, இரண்டாவது மேடைதான் கிடைப்பதில்லை. அதுவும் சில நாள் ஒத்திகையில், வாத்தியக்காரர்களே நோட்ஸைப் பழகிக்கொண்டிருக்கும்போது வாசிக்கப்பட்டது அந்த முதல் தடவை. உதாரணத்துக்கு, ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோவை 1881 டிசம்பரில் வியன்னாவில் முதன்முதலாக வயலின் கலைஞர் அடால்ஃப் பிராட்ஸ்கி வாசித்தார். பெரிய விமர்சகரான ஹான்ஸ்லிக், காதில் கேட்கிற நாற்றம் என்கிற அர்த்தத்தில் எழுதித் தள்ளினார். பிராட்ஸ்கி அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த வருஷமே லண்டனில் வாசித்தார், அப்புறம் மாஸ்கோவில் வாசித்தார். வேறொரு வயலின் கலைஞரை மனதில் வைத்து எழுதியதை, சைகோவ்ஸ்கி கடைசியில் பிராட்ஸ்கிக்குத்தான் சமர்ப்பித்தார்.